பெண்களின் பாதுகாப்புக்காக நடப்பது: ஊர்வலமும் உண்டியலும்

பெண்களின் பாதுகாப்புக்கும் உரிமைகளுக்கும் நிதி திரட்ட நடக்கும் நடை, இரண்டு தனித்தனிப் பழக்கங்கள் கூடிப் பிறந்தது. ஒன்று, கோரிக்கையோடு தெருவில் இறங்கும் ஊர்வலம். மற்றொன்று, இத்தனை மைல் நடக்கிறேன், மைலுக்கு இவ்வளவு கொடுங்கள் என்று தெரிந்தவர்களிடம் எழுதி வாங்கிப் பணம் சேர்க்கும் முறை. முன்னது அரசைப் பார்த்துப் பேசுகிறது; பின்னது அக்கம்பக்கத்தாரின் பணப்பையைப் பார்த்துப் பேசுகிறது. பெண்கள் நாளான மார்ச் 8-ஐ ஒட்டியும், பெண்கள்மீதான வன்முறை ஒழிப்பு நாளான நவம்பர் 25-ஐ ஒட்டியும் ஊருக்கு ஊர் நடக்கும் வாக்கத்தான்களில் இரண்டும் கலந்தே இருக்கின்றன. ஆனால் இரண்டின் இலக்கும் ஒன்றல்ல. எது எந்த வேலையைச் செய்கிறது என்பதைப் பிரித்துப் பார்க்காமல் ஏற்பாடு செய்யும் நடை, இரண்டையும் அரைகுறையாகவே செய்து முடிக்கிறது.

பிரிட்டனில் வாக்குரிமை கேட்ட பெண்கள் இரண்டையும் முன்பே சேர்த்துக் காட்டியிருக்கிறார்கள். 1907 பிப்ரவரி 9 அன்று லண்டன் ஹைட் பார்க்கிலிருந்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் மழையில் நடந்து போனார்கள். 'சேற்று ஊர்வலம்' என்ற பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. கௌரவமான வீட்டுப் பெண் தெருவில் கூட்டத்தோடு நடப்பதா என்று முகஞ்சுளித்த காலம் அது. அங்கியின் விளிம்பெல்லாம் சேறாக அவர்கள் நடந்ததே ஒரு வாதமாகிவிட்டது. ஆறாண்டு கழித்து நடந்தது இன்னும் பெரியது. மில்லிசென்ட் ஃபாசெட் தலைமையிலிருந்த வாக்குரிமைச் சங்கங்களின் தேசியக் கூட்டமைப்பு, நாட்டின் பல திசைகளிலிருந்தும் லண்டனை நோக்கிப் பெண்களை நடக்கவைத்தது. கார்லைல் போன்ற வடகோடி ஊர்களிலிருந்து 1913 ஜூன் 18 அன்று கிளம்பியவர்கள் ஐந்து வாரத்துக்கு மேல் நடந்தார்கள். சாம்பல், கறுப்பு, வெள்ளை, கருநீலம் என்று அடக்கமான நிறத்தில் உடை, தோளில் பை, சங்கத்தின் சிவப்பு-வெள்ளை-பச்சை நிறங்கள், அதோடு யாத்திரிகர்கள் அணிவதுபோல் சிப்பி வடிவத்தில் ஒரு சின்னம். வழியில் ஊர்தோறும் கூட்டம் போட்டார்கள், துண்டறிக்கை கொடுத்தார்கள், உண்டியல் ஏந்தினார்கள். ஜூலை 26 அன்று ஹைட் பார்க்கில் சுமார் 50,000 பேர் கூடினார்கள். நடையில் சேர்ந்த தொகை எட்டாயிரம் பவுனைத் தாண்டியிருந்தது.

போன இடமெல்லாம் மாலை மரியாதை கிடைத்துவிடவில்லை. ஜன்னல் உடைப்பும் தீவைப்புமாகப் போராடிய இன்னொரு அமைப்பும் அப்போது களத்தில் இருந்தது. அதைச் சேர்ந்த எமிலி டேவிசன், குதிரைப் பந்தயத்தில் அரசரின் குதிரை முன் பாய்ந்து அடிபட்டு இறந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. நடந்து வந்தவர்களையும் அதே கட்சி என்று நினைத்த கும்பல்கள் சில ஊர்களில் அவர்கள்மீது கல்லெறிந்தன. சட்டத்தை மதிப்பவர்கள் நாங்கள் என்று பதாகையில் எழுதிப் பிடித்தும் பயனில்லாத இடங்கள் இருந்தன. இருந்தாலும் நடை முடிந்த சில வாரங்களில் பிரதமர் ஆஸ்குவித் அவர்களின் தூதுக்குழுவைச் சந்திக்க இசைந்தார். வாக்குரிமை வர 1918 ஆகியது, அதுவும் முப்பது வயது நிறைந்தவர்களுக்கு மட்டும். ஆணுக்குச் சமமாகக் கிடைத்தது 1928-ல். ஒரு நடை ஒரு சட்டத்தைக் கொண்டுவந்தது என்று சொல்லும் கதைகளை எச்சரிக்கையோடு கேட்க இந்த இடைவெளி ஒன்றே போதும்.

பணத்துக்காக நடக்கும் வழக்கத்துக்கு வேறு வரலாறு. 1953 அக்டோபரில் போர்ட்டோ ரிக்கோவின் பிரபல நகைச்சுவை நடிகர் ரமோன் ரிவேரோ, புற்றுநோய் ஒழிப்புச் சங்கத்துக்காகத் தலைநகர் சான் ஹுவானிலிருந்து போன்ஸ் நகரம் வரை சுமார் 80 மைல் நடந்தார். இன்றைய வாக்கத்தானுக்கு முன்னோடிகளில் ஒன்றாக அது சொல்லப்படுகிறது. 1960-களின் இறுதியில் பசிப்பிணிக்காகவும் 1970-லிருந்து குழந்தை நலத்துக்காகவும் அமெரிக்காவில் இம்முறை பரவியது. பிரிட்டனில் பள்ளிப் பிள்ளைகள்கூட ஸ்பான்சர் தாளை எடுத்துக்கொண்டு வீடுவீடாகப் போகத் தொடங்கினார்கள். மைலுக்கு இத்தனை பென்னி என்று மாமாவும் அத்தையும் பக்கத்து வீட்டுக்காரரும் எழுதித்தர, நடந்து முடித்ததும் வசூல். 1994-ல் லண்டன் பாட்டர்சீ பூங்காவில் புற்றுநோய் ஆராய்ச்சிக்காகப் பெண்கள் மட்டும் பங்கேற்ற ஓட்டம் ஒன்று தொடங்கி, பின்னர் நாடு முழுக்கப் பெருகியது. இந்த வழியில் எதிரி என்று யாருமில்லை. புற்றுநோயை ஆதரித்துப் பேசுபவர் கிடையாது, ஆகவே பணம் கொடுக்க யாரும் தயங்குவதில்லை. பெண்கள்மீதான வன்முறை அப்படிப்பட்டதல்ல. கொடுப்பவர் பட்டியலிலேயே வன்முறை செய்தவரின் பெயர் இருக்கக்கூடும்.

ஊர்வலத்தின் வழியில் திருப்புமுனை என்று சொல்லத்தக்கது 1977 நவம்பர் 12 இரவு. வடஇங்கிலாந்தின் லீட்ஸ் நகரைச் சுற்றிய பகுதியில் 1975-லிருந்து பெண்கள் ஒருவர்பின் ஒருவராகக் கொல்லப்பட்டுவந்தார்கள். கொலையாளி பிடிபடவில்லை. இருட்டிய பிறகு பெண்கள் வெளியே வராமல் இருப்பது நல்லது என்று காவல்துறை அறிவுரை சொன்னது. கொல்பவன் ஆண், ஊரடங்கு மட்டும் பெண்களுக்கா என்ற கேள்வி லீட்ஸ் பெண்களிடம் எழுந்தது. அந்த ஆண்டு ஏப்ரல் 30 இரவில் மேற்கு ஜெர்மனிப் பெண்கள் இரவுநேர ஊர்வலம் நடத்திய செய்தியை அவர்கள் படித்திருந்தார்கள். அதே வடிவத்தை எடுத்துக்கொண்டு, தீப்பந்தம் ஏந்தி நகர மையத்துக்கு நடந்தார்கள். அதே இரவில் யார்க், மான்செஸ்டர், நியூகாசில், பிரிஸ்டல், லண்டன் உள்ளிட்ட வேறு ஊர்களிலும் நடந்தார்கள். இரவை மீட்போம் என்பதே முழக்கம், அதுவே இயக்கத்தின் பெயருமாயிற்று.

அந்தக் கொலைகளைப் பற்றிக் காவல்துறையும் செய்தித்தாள்களும் பேசிய விதம் தனியே கவனிக்க வேண்டியது. கொல்லப்பட்டவர்களில் பாலியல் தொழில் செய்தவர்கள் சிலர் இருந்தார்கள். 1977 ஜூனில் கடையில் வேலைபார்த்த பதினாறு வயதுப் பெண் கொல்லப்பட்டதும், முதல் 'அப்பாவி' பலியானார் என்று எழுதினார்கள். அதற்கு முன் இறந்தவர்கள் என்ன பாவம் செய்தார்கள் என்று எவரும் கேட்கவில்லை. கொலையாளி பீட்டர் சட்கிளிஃப் 1981 ஜனவரியில்தான் பிடிபட்டான், அதற்குள் பதின்மூன்று பெண்கள் இறந்திருந்தார்கள். விசாரணைக்காலத்தில் பயன்படுத்திய சொற்களுக்காக மேற்கு யார்க்‌ஷயர் காவல்துறை 2020-ல்தான் மன்னிப்புக் கேட்டது. நடைக்காரர்கள் மீதும் அந்தக் காலத்திலேயே ஒரு குறை சொல்லப்பட்டது: கறுப்பின மக்கள் வாழும் பகுதிகள் வழியாக நடந்து, அங்கே கூடுதல் போலீஸ் வேண்டும் என்று கேட்டால், அந்த மக்களுக்கே அது தொல்லையாய் முடியும் என்பது. நியாயமான குறை. எந்தத் தெருவழியே நடப்பது என்பது சாதாரணத் தேர்வல்ல. 1990-களில் ஓய்ந்திருந்த 'இரவை மீட்போம்' நடை 2004-ல் லண்டனில் மறுபடி தொடங்கியது. இப்போது சில ஊர்களில் அதே ஊர்வலத்தில் வாளி ஏந்தி உள்ளூர் உதவி மையங்களுக்குப் பணமும் சேர்க்கிறார்கள்.

நடை கோரிக்கையாக வென்ற கதைக்குக் கனடாவின் கியூபெக் மாகாணத்தைத்தான் சொல்ல வேண்டும். 1995 மே 26 முதல் ஜூன் 4 வரை, கியூபெக் பெண்கள் கூட்டமைப்பு, பிரான்சுவாஸ் டேவிட் தலைமையில், சுமார் 850 பெண்களைப் பத்து நாள் நடக்கவைத்தது. 'ரொட்டியும் ரோஜாவும்' என்று பெயரிட்ட அந்த நடை கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர் கடந்து மாகாணச் சட்டமன்றத்தை எட்டியபோது 15,000 பேர் எதிர்கொண்டழைத்தார்கள். கையில் ஒன்பது கோரிக்கைகள் இருந்தன, ஒவ்வொன்றும் ஒரு அமைச்சகம் எடுத்துச் செய்யக்கூடிய அளவுக்குத் தெளிவானது. ஜீவனாம்சத்தை அரசே பிடித்தம் செய்து தாயிடம் சேர்க்கும் முறை வந்தது. மறு ஆண்டில் ஊதியச் சமத்துவச் சட்டம் வந்தது. கணவன் ஸ்பான்சர் செய்து குடியேறிய பெண் அவனைச் சார்ந்திருக்க வேண்டிய காலம் பத்தாண்டிலிருந்து மூன்றாண்டாகக் குறைந்தது. கடைசியாகச் சொன்னது வெறும் குடியேற்ற விதி அல்ல. அடிக்கும் கணவனை விட்டு வெளியேறினால் நாட்டை விட்டே போக நேருமோ என்று பயந்து கிடந்தவளுக்கு அது கதவைத் திறந்துவிட்டது. குறைந்தபட்சக் கூலி மட்டும் மணிக்கு 45 சென்ட் ஏறியது, நடந்தவர்கள் அதைக் கேலியாகவே எடுத்துக்கொண்டார்கள். இந்த நடையிலிருந்து பிறந்ததுதான் 2000-ஆம் ஆண்டின் உலகப் பெண்கள் நடை. வறுமையும் பெண்கள்மீதான வன்முறையும் என்ற இரண்டே பொருளை முன்வைத்து 160-க்கு மேற்பட்ட நாடுகளின் அமைப்புகள் அதில் சேர்ந்தன.

இந்தியாவில் அண்மைக்காலத்தின் நீண்ட நடைகளில் ஒன்று தமிழ்நாட்டின் தென்முனையில் தொடங்கியது. 2016-ல் உத்தரப்பிரதேசத்தில் புலந்த்ஷஹர் அருகே நெடுஞ்சாலையில் காரை மறித்துத் தாயையும் மகளையும் கும்பல் வன்கொடுமை செய்த செய்தி, ஹாங்காங்கில் மார்க்கெட்டிங் துறையில் இருந்த ஸ்ருஷ்டி பக்‌ஷியை வேலையை விடவைத்தது. 2018 செப்டம்பரில் கன்னியாகுமரியில் புறப்பட்டவர், ஏறக்குறைய எட்டு மாதத்தில் பன்னிரண்டு மாநிலங்கள் வழியாகச் சுமார் 3,800 கிலோமீட்டர் நடந்து ஸ்ரீநகரை அடைந்தார். நெடுஞ்சாலையின் ஓரக்கோட்டில், பக்கத்தில் லாரி உரச, நடந்த நாள்களில் நாளொன்றுக்கு 25 கிலோமீட்டருக்கு மேல். ஆனால் இந்த நடையில் தூரத்தைவிடப் பெரிது மாலை நேரம். வழியிலுள்ள ஊர்களிலும் கல்லூரிகளிலும் பெண்களைக் கூட்டிவைத்துப் பயிலரங்கு நடத்தினார்: கைப்பேசியை எப்படிப் பயன்படுத்துவது, வங்கிக் கணக்கை எப்படித் தன் கையில் வைத்துக்கொள்வது, சட்டம் என்ன சொல்கிறது. கூட்டம் கலைந்த பிறகுதான் பெண்கள் ஒவ்வொருவராகத் தங்கள் கதையைச் சொல்ல வந்தார்கள். அஜிதேஷ் ஷர்மா இயக்கிய 'விமன் ஆஃப் மை பில்லியன்' என்ற ஆவணப்படத்தில் அந்தப் பதிவு இருக்கிறது. 2024-ல் பிரைம் வீடியோவில் வெளியானது.

மற்றவர்களுக்காக நடப்பது ஒரு வகை, பாதிக்கப்பட்டவர்களே நடப்பது இன்னொரு வகை. 2018 டிசம்பரில் மும்பையில் தொடங்கி 2019 பிப்ரவரியில் தில்லி ராம்லீலா மைதானத்தில் முடிந்த 'கரிமா யாத்திரை' இரண்டாம் வகை. பாலியல் வன்கொடுமைக்கு உள்ளான பெண்களும் அவர்கள் குடும்பத்தாரும் ஏறக்குறைய 10,000 கிலோமீட்டர் பயணம் செய்து, தலைகுனிய வேண்டியது தாங்கள் அல்ல என்று ஊர் ஊராகச் சொன்னார்கள். அவ்வளவு தூரத்தை இரண்டு மாதத்தில் காலால் கடக்க முடியாது, பெரும்பகுதி வண்டியில்தான். யாத்திரை என்ற பெயர் போதும், கால்வலி கட்டாயமில்லை.

ஆண்கள் நடக்கும் நடையில்தான் தடுமாற்றம் அதிகம். 2001-ல் கலிஃபோர்னியாவில் ஃபிராங்க் பெயர்ட் என்ற உளநல ஆலோசகர் ஆண்களைப் பெண்களின் ஹைஹீல்ஸ் செருப்போடு ஒரு மைல் நடக்கவைத்தார். உள்ளூர் உதவி மையங்களுக்கு நிதி, அதோடு வேடிக்கை பார்க்க வருகிறவர்களிடம் நாலு வார்த்தை. முறை வேகமாகப் பரவியது, பணமும் வந்தது. ஆனால் தள்ளாடி விழும் ஆண்களைப் பார்த்துச் சிரிக்கும் கூட்டம், வன்கொடுமையைப் பற்றி எதைக் கொண்டுபோகிறது என்ற கேள்வி கூடவே வந்தது. பெண்ணின் வாழ்க்கை என்றால் குதிகால் உயர்ந்த செருப்புதானா என்றும் கேட்டார்கள். இதைவிடக் கனடாவின் வெள்ளை ரிப்பன் இயக்கம் நேர்வழி. 1989 டிசம்பர் 6 அன்று மான்ட்ரியல் பொறியியல் கல்லூரியில் பதினான்கு பெண்களை ஒருவன் சுட்டுக்கொன்றான். அதை அடுத்து 1991-ல் ஆண்கள் சிலர் தொடங்கியது இது. செய்யமாட்டேன், செய்பவனைப் பார்த்து வாயை மூடிக்கொண்டு இருக்கமாட்டேன் என்ற உறுதிமொழிதான் அங்கே முதல், நடையெல்லாம் பிற்பாடு வந்து சேர்ந்தவை.

வீட்டிலிருந்தபடியே நடக்கும் வகையும் உண்டு. கேர் என்ற தொண்டு அமைப்பின் பிரிட்டன் கிளை, தண்ணீருக்காகப் பல மைல் நடக்கும் பெண்களை நினைத்து, ஒரு வாரம் நாளுக்கு 10,000 காலடி நடந்து நிதி திரட்டச் சொன்னது. பெண்களும் சிறுமிகளும் தண்ணீர் எடுக்க நாள்தோறும் 20 கோடி மணி நேரம் செலவிடுகிறார்கள் என்று யுனிசெஃப் 2016-ல் கணக்கிட்டது. தண்ணீர்ப் பாதை பாதுகாப்புப் பிரச்சினையும்தான். ஊருக்கு வெளியே இருக்கும் கிணற்றுக்கும் விறகுக் காட்டுக்கும் விடியுமுன் தனியே போகிறவளுக்கு, குழாய் வீட்டருகே வருவதுதான் முதல் காவல்.

திரளும் பணம் எங்கே போகிறது என்பது நடையின் இரண்டாம் பாதி. பேசப்படுவது குறைவு, ஆனால் பயன் முழுக்க அங்கேதான். அரசு தரும் பணம் தலைப்பு போட்டு வருகிறது: கட்டடத்துக்கு இவ்வளவு, ஊழியர் சம்பளத்துக்கு இவ்வளவு. நள்ளிரவில் இரண்டு பிள்ளைகளோடு வீட்டைவிட்டு ஓடிவந்தவளுக்கு வேண்டியவை எந்தத் தலைப்பிலும் அடங்குவதில்லை. ஆட்டோவுக்குக் காசு. மாற்றுப் புடவை. கணவன் கண்டுபிடிக்க முடியாத புது சிம் கார்டு. வீட்டிலேயே விட்டுவந்த ஆதாருக்கும் பள்ளிச் சான்றிதழுக்கும் நகல் வாங்க நாலு அலுவலகம் ஏறி இறங்கும் செலவு. மூன்று மாதம் கழித்து வாடகை வீடு பார்த்தால் அட்வான்ஸ். நடையில் சேரும் பணம் பெரும்பாலும் எந்த நிபந்தனையும் இல்லாமல் வருவதால், அமைப்புகள் இந்த ஓட்டைகளை அதைக்கொண்டுதான் அடைக்கின்றன. 1971-ல் லண்டன் சிசிக்கில் எரின் பிஸ்ஸி திறந்த அடைக்கல வீடு இவ்வகை இல்லங்களுக்கு வழிகாட்டியானது. சென்னையில் 2001-ல் தொடங்கிய பி.சி.வி.சி. அமைப்பு அடைக்கலமும் ஆலோசனையும் தருவதோடு, கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனைத் தீக்காயப் பிரிவில் இருக்கும் பெண்களுக்கும் துணை நிற்கிறது. தீக்காயம் ஆறிய பிறகும் தோல் சுருங்கி இறுகாமல் இருக்க, உடம்பை அழுத்திப் பிடிக்கும் உடையை நாள் முழுதும் மாதக்கணக்கில் அணிய வேண்டும். அளவெடுத்துத் தைக்க வேண்டிய அந்த உடைக்கும், கழுத்தும் விரல்களும் மடங்குவதற்கான பிசியோதெரபிக்கும் ஆகும் செலவுக்கு யாரும் எளிதில் ஸ்பான்சர் தருவதில்லை. அப்படியொரு படத்தைப் பேனரில் போட முடியாது.

பணம் கொடுப்பதற்கும் வாங்குவதற்கும் விதிகள் உண்டு. பிரிட்டனில் வருமான வரி கட்டுபவர் ஒரு பவுன் கொடுத்தால், 'கிஃப்ட் எய்டு' முறையில் அரசு 25 பென்ஸ் சேர்த்துத் தருகிறது. இந்தியாவில் 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவு கொடுப்பவருக்குச் சலுகை அளித்தது. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அந்தச் சலுகை கிடையாது என்றிருந்தது. வெளிநாட்டில் இருக்கும் தமிழர்கள் நடந்து பணம் சேர்த்து ஊருக்கு அனுப்ப நினைக்கும்போது எஃப்.சி.ஆர்.ஏ. எனப்படும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் குறுக்கே வரும். வாங்கும் அமைப்புக்கு அந்தப் பதிவு இருக்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு பணம் தில்லியில் உள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையின் கணக்கில்தான் முதலில் வந்து விழ வேண்டும். நிர்வாகச் செலவு இருபது விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது. முக்கியமாக, வாங்கிய அமைப்பு அதை இன்னொரு சிறு அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்க முடியாது. டொராண்டோவிலோ லண்டனிலோ டி-ஷர்ட் அச்சடிப்பதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. நடந்து முடித்துப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் காலம் கடந்துவிடும்.

ஊர்வலத்துக்கு அனுமதி வேண்டும். சென்னையில் 1888-ஆம் ஆண்டின் மாநகரக் காவல் சட்டம் 41-ஆம் பிரிவின்படி, குறைந்தது ஐந்து நாளைக்கு முன்பே காவல்துறையிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். எங்கே தொடக்கம், எங்கே முடிவு, எத்தனை பேர், மைக் உண்டா என்று எல்லாமும். வெள்ளைக்காரன் போட்ட சட்டம், இன்றும் அதுதான் வழி. அதற்குமேல் எல்லாம் அனுபவத்தில் கற்க வேண்டியவை. வழியில் கழிப்பறை எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் பெண்களுக்கென்று நடை ஏற்பாடு செய்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெட்ரோல் பங்கிலோ பள்ளியிலோ முன்கூட்டியே சொல்லி வைப்பது அரை மணி நேர வேலை. கூட்டத்தின் கடைசி ஆளுக்குப் பின்னால் தன்னார்வலர் ஒருவர் வர வேண்டும், பின்தங்கியவர் தனியாகிவிடக் கூடாது. சக்கர நாற்காலியில் வருபவர் ஏறி இறங்கும்படி நடைபாதை இருக்க வேண்டும். நடையின் முடிவில் ஒரு மேசை, அதில் பயிற்சி பெற்ற ஆலோசகர், 181 உதவி எண் அச்சிட்ட சிறு அட்டை. அட்டை, இடுப்பில் செருகிக்கொள்ளும் அளவுக்குச் சிறிதாக இருப்பது நல்லது, வீட்டில் யார் கண்ணிலும் படாது. கன்னியாகுமரி நடையில் மாலைக் கூட்டத்துக்குப் பின் நேர்ந்தது எந்த நடையிலும் நேரும். கூட நடந்த பெண்ணொருத்தி மெல்ல அருகே வந்து பேசத் தொடங்குவாள். அப்போது கேட்கத் தெரிந்த ஆள் அங்கே இல்லையென்றால் நடை அவளைக் கைவிட்டதாகிறது.

படமெடுப்பதிலும் கவனம் வேண்டும். பாலியல் குற்றத்துக்கு உள்ளானவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சம்ஹிதை என்ற தண்டனைச் சட்டத்தின் 72-ஆம் பிரிவின்படி குற்றம், இரண்டாண்டு வரை சிறை. நிதி கேட்டு எழுதும் பதிவில், என் தோழிக்கு நடந்தது என்று பேர் சொல்லாமல் ஊரும் கல்லூரியும் ஆண்டும் எழுதிவிட்டால் பேரைச் சொன்னதற்குச் சமம்தான். கணவனிடமிருந்து ஒளிந்து வாழும் பெண் கூட்டத்தில் இருக்கக்கூடும் என்பதால், நேரலை ஒளிபரப்பைத் தவிர்ப்பது நல்லது.

இனி நடையின் மீது சொல்லப்படும் பெரிய குறை. தமிழ்நாட்டு நாளிதழ்களில் வரும் செய்தியின் அச்சு எல்லோருக்கும் மனப்பாடம்: காலை ஆறு மணி, பெசன்ட் நகர் கடற்கரை அல்லது ஊரின் மாவட்ட ஆட்சியர் அலுவலகம், ஒரே நிறத்தில் டி-ஷர்ட், யாரோ ஒருவர் கொடியசைத்துத் தொடங்கி வைத்தார், இறுதியில் சான்றிதழும் சிற்றுண்டியும். காலை ஆறு மணிக் கடற்கரையில் எந்தப் பெண்ணும் பயந்து நடப்பதில்லை. டி-ஷர்ட்டுக்கும் மேடைக்கும் போக எவ்வளவு மிஞ்சியது என்பது அடுத்த நாள் செய்தியில் வருவதுமில்லை. கேரளம் இதைக் கொஞ்சம் யோசித்துச் செய்தது. 2019 டிசம்பர் 29, தில்லியில் கும்பல் வன்கொடுமைக்கு ஆளாகி இறந்த நிர்பயாவின் நினைவு நாள். அன்று இரவு பதினொரு மணியிலிருந்து ஒரு மணி வரை நகரத் தெருக்களில் பெண்கள் தனியாகவோ இரண்டு மூன்று பேராகவோ நடக்கும்படி அம்மாநில மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டுத் துறை ஏற்பாடு செய்தது. பெருங்கூட்டமாகப் போகக்கூடாது என்பதே அதில் முக்கியம், கூட்டத்தில் யாருக்கும் பயமிருக்காதே. இருநூறு மீட்டருக்கு ஒரு தன்னார்வலர் நின்றார். 2024 ஆகஸ்ட் 14 நள்ளிரவில் கொல்கத்தாவிலும் வங்கத்தின் சிற்றூர்களிலும் பெண்கள் தெருவில் இறங்கியதற்கு அரசும் இல்லை, ஸ்பான்சரும் இல்லை. ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பணியிலிருந்த பயிற்சி மருத்துவர் கொல்லப்பட்ட ஐந்தாம் நாள் அது.

ஆனால் இரவுத்தெரு முழுக் கதையல்ல. 2023-ல் உலகெங்கும் வேண்டுமென்றே கொல்லப்பட்ட சுமார் 85,000 பெண்களிலும் சிறுமிகளிலும் 51,100 பேரைக் கொன்றது அவர்களது துணைவரோ குடும்பத்தினரோதான் என்று ஐ.நா. கணக்குச் சொல்கிறது. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், மணமான பெண்களில் கணவனின் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் நாட்டளவில் 29.3 விழுக்காடு, தமிழ்நாட்டில் 38.1. தெருவில் நடந்து வீட்டுக்குள் இருக்கும் ஆபத்தைக் காட்டுவது கடினம். இந்த இடத்தில்தான் ஊர்வலமும் உண்டியலும் வேலையைப் பிரித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. தெருவை ஊர்வலம் கேட்கட்டும், வீட்டிலிருந்து தப்பி வருபவளுக்கு உண்டியல் வழி செய்யட்டும்.

தெருவைக் கேட்பதற்கும் வெறும் முழக்கத்தைவிட நல்ல வழி ஒன்று உண்டு. 1989-ல் டொராண்டோவின் மெட்ராக் என்ற அமைப்பு பாதுகாப்புத் தணிக்கை நடையை உருவாக்கியது. பெண்கள் சிறு குழுவாக, இருட்டிய பின், கையில் தாளோடு ஒரு தெருவை நடந்து பார்த்துக் குறித்துக்கொள்வார்கள். தில்லியில் ஜாகோரி அமைப்பு அதைச் செய்தது. 2013-ல் கல்பனா விஸ்வநாத் இணைந்து தொடங்கிய சேஃப்டிபின் செயலி அதைக் கைப்பேசிக்குக் கொண்டுவந்தது. விளக்கு எரிகிறதா, மரக்கிளை மறைக்கிறதா, நடைபாதை நடக்கும்படி இருக்கிறதா, பேருந்து நிறுத்தம் எவ்வளவு தூரம், கடை திறந்திருக்கிறதா, தெருவில் வேறு பெண்கள் தென்படுகிறார்களா, கூப்பிட்டால் கேட்கும் தொலைவில் யாராவது உண்டா என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். இந்த முறையில் தில்லியில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட இருட்டிடங்களைக் கண்டு நகராட்சி அமைப்புகளிடம் கொடுத்தார்கள், பெரும்பகுதிக்கு விளக்கு வந்தது. மத்திய அரசின் நிர்பயா நிதியில் பாதுகாப்பான நகரத் திட்டத்துக்கு எடுத்துக்கொண்ட எட்டு மாநகரங்களில் சென்னையும் ஒன்று. ஐந்நூறு பேர் நடக்கும் நடையில் ஐம்பது பேர் தாளும் பேனாவும் எடுத்துப் போனால், மின்கம்ப எண்ணோடு ஒரு பட்டியல் மறுநாள் காலை மாநகராட்சி மின்பிரிவு உதவிப் பொறியாளர் மேசைக்குப் போய்விடும். எண் போட்ட பட்டியலுக்கு ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்கலாம், முப்பது நாள் கழித்து எந்தக் கம்பத்தில் விளக்கு எரிகிறது என்று அதே தெருவில் நடந்து சரிபார்க்கலாம்.